எங்க ரோட்டு ஆறு ஹம்ப்பும் மாமாவோட 34 நிமிஷமும்

2023 புரட்டாசி, ஒரு சனிக்கிழமை ராத்திரி 7:12. சரிவுல எங்களுக்கு மேல இருக்கற வீட்டு மாமாவுக்கு நெஞ்சு வலி, வேர்வை கொட்டுது, இடது கை மரத்துப் போச்சுன்னு மாமி கத்த, நான்தான் ஆம்புலன்ஸ் நம்பர் 10177 அடிச்சேன். ஆம்புலன்ஸ்காரர் மாமா பக்கத்துல முட்டி போட்டு உக்காந்தப்ப மணி 7:46. நடுவுல 34 நிமிஷம் போயிருக்கு. மறுநாள் காலைல கோயில் ஹால்ல எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது, அந்த ஹம்ப்புங்கதான் காரணம், பேத்து எறியணும்னு.

ஹம்ப்னா நம்ம ஸ்பீடு பிரேக்கர்தான். தென் ஆப்பிரிக்காவுல, எங்க டர்பன் பக்கம் அப்படிச் சொன்னா யாருக்கும் புரியாது. சிக்னலையே ரோபோட்னு சொல்ற ஊரு, நான் வந்த புதுசுல "ரோபோட்ல லெஃப்ட் எடுங்க"ன்னு ஒருத்தர் வழி சொல்ல, நிஜமாவே ஏதோ பொம்மை நிக்கும்னு தேடிக்கிட்டே ரெண்டு ரோபோட்ட தாண்டிப் போயிருக்கேன். நான் ரோடு டிராயிங் போடற வேலைல இருக்கறதால, "நீ சொல்லுப்பா, எடுக்கலாமா வேணாமா"ன்னு ஹால்ல என் தலைல கட்டிட்டாங்க. சரின்னு உக்காந்து கணக்கு போட்டேன்.

எந்த டவுன்ஷிப்னு சொல்ல மாட்டேன், சொன்னா யார் வீடுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. மலைச்சரிவுல ஏறுற ரோடு, சுமார் 900 மீட்டர், அகலம் 7.4 மீட்டர். அடில கோயில், நடுவுல பிரைமரி ஸ்கூல், ரெண்டு பக்கமும் முட்டுச்சந்துங்க. மேல போறதுக்கும் கீழ வர்றதுக்கும் இது ஒண்ணுதான் வழி. இது தற்செயல் கிடையாது. எந்த இனம் எந்த ஏரியாவுல இருக்கணும்னு பிரிச்ச 1950 குரூப் ஏரியாஸ் சட்டத்துக்கு அப்புறம் இந்தியர்களைக் கொண்டு வந்து குடியேத்தின எடங்க, 60கள்ல சாட்ஸ்வர்த், 1976ல இருந்து ஃபீனிக்ஸ், எல்லாமே உள்ள போக கொஞ்சம் வாசல்தான் இருக்கற மாதிரி பிளான் பண்ணது. ஊரையே தனியா ஒதுக்கி வைக்கணும்னு போட்ட ரோட்டுல இன்னைக்கு ஆம்புலன்ஸ் வரணும். கீழ ஒரு லாரி குறுக்க நின்னா மேல இருக்கற மொத்த சரிவும் அம்போ. ஹம்ப் பத்தி சண்டை போடறவங்க யாரும் இதைப் பேசறதில்ல, எனக்கு இதுதான் மொதல் பிரச்சனையா தெரியுது, ஆனா இதை மாத்தணும்னா வீடுங்களை இடிச்சு இன்னொரு ரோடு போடணும், அதனால வுடுங்க.

ஹம்ப் எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். ஸ்கூல் வுட்ட நேரத்துல ஒரு கிரேடு 3 பொண்ணு ரோட்ட கடக்கறப்ப மேல இருந்து இறங்கின டாக்ஸி இடிச்சு தொடை எலும்பு ஒடைஞ்சது. டாக்ஸின்னா இங்க பதினஞ்சு பேர் உக்கார்ற வேன், டிரிப்பு எண்ணிக்கைதான் டிரைவருக்கு சம்பளம், இறக்கத்துல யாரும் பிரேக் மிதிக்கறதில்ல. மறுநாளே பெட்டிஷன் எழுதியாச்சு, அதுல மொத கையெழுத்து யாருன்னா நம்ம மாமாதான். அவரே எழுதி, அவரே வீடு வீடா தூக்கிட்டுப் போனாரு. ஆறு ஹம்ப் வந்துச்சு.

அதுல தப்பே இல்ல. தென் ஆப்பிரிக்காவுல வருஷத்துக்கு 11,000 - 12,000 பேர் ரோட்டுல சாகறாங்க, அதுல பத்துல நாலு பேர் நடந்து போனவங்க. சராசரி வேகம் 1% கூடினா உயிர் போற விபத்துக்கான வாய்ப்பு 4% கூடும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நடந்து போறவங்களை மோதற வேகம் 50ல இருந்து 65 கி.மீ. ஆச்சுன்னா சாவற வாய்ப்பு நாலரை மடங்கு. இங்க ஊருக்குள்ள சட்டப்படி லிமிட் 60, எங்க இறக்கத்துல டாக்ஸி போனது அதுக்கும் மேல. ஹம்ப் வந்தப்புறம் ஸ்கூல் வாசல்ல ஒரு குழந்தைக்கும் அடிபடல. ஆம்புலன்ஸ் லேட்டாச்சேன்னு கோவப்படறவங்க, ஆம்புலன்ஸே கூப்பிட வேண்டி வராத நாளையும் சேத்து எண்ணணும், ஆனா அடிபடாத குழந்தைக்கு யாரும் ஹால்ல மீட்டிங் போட மாட்டாங்க.

சரி, அந்த 34 நிமிஷத்துக்கு வர்றேன். என் போன் கால் லாக், மாமி தம்பியோட கேட் கேமரா, அப்புறம் ஆம்புலன்ஸ்காரர் பின்னாடி வாய்வழியா சொன்னது, மூணையும் வெச்சு அடுக்கினேன். போன் எடுத்து, என்ன வலி, எந்த அட்ரஸ், கேட் எந்தப் பக்கம்னு எல்லாம் கேட்டு, ஆஸ்பிரின் இருந்தா மென்னு முழுங்கச் சொல்லுங்கன்னு சொல்லி முடிக்க 5 நிமிஷம். அப்புறம் 12 நிமிஷம் எதுவுமே நடக்கல, ஏன்னா காலியா வண்டி இல்ல. பத்தாயிரம் பேருக்கு ஒரு ஆம்புலன்ஸ்னு இந்த நாட்டுல ஒரு அளவுகோல் இருக்கு, பேப்பர்ல இருக்கு. வண்டி கிடைச்சு கிளம்பி எங்க ரோட்டு அடிக்கு வர 9 நிமிஷம். அடில இருந்து மாமா வீட்டு வாசல் வரைக்கும் 3 நிமிஷம். வாசல்ல இருந்து மாமா கிட்ட போய்ச் சேர இன்னொரு 5 நிமிஷம்.

கடைசி அஞ்சு நிமிஷத்தைப் பாத்துதான் எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சு. ரோட்டுல இருந்து மாமா வீடு கீழ, நாப்பது படி, பழைய கவுன்சில் வீடுங்க எல்லாம் சரிவுல இப்படித்தான் தொங்கும். படில லைட் இல்ல, கைப்பிடி ஒரு பக்கம் துருப்பிடிச்சு ஆடுது. ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் சிலிண்டர், மானிட்டர் மூணையும் ரெண்டு பேர் தூக்கிட்டு இறங்கணும். நான் டார்ச் புடிச்சேன், போன் டார்ச். வண்டி வாசல்ல நின்னா வந்தாச்சுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. இந்த நாட்டு கணக்கும் அப்படித்தான், அவசர கேஸ்னா ஊருக்குள்ள 15 நிமிஷம்னு ஒரு காலத்துல டார்கெட் இருந்துச்சு, பின்னாடி 30 நிமிஷம்னு அளவை மாத்தினாங்க. அந்தக் கணக்குல எங்க படிக்கட்டு வராது.

இப்ப ஹம்ப். அந்த 3 நிமிஷத்துக்குள்ளதான் ஹம்ப் இருக்கு, மாமா வீட்டுக்கு முன்னாடி அஞ்சு தாண்டணும். ஒரு வண்டி 50 கி.மீ.ல வந்து, ஒரு ஹம்ப்புக்கு 20க்கு இறங்கி, மறுபடி 50 புடிக்க எவ்ளோ நேரம் வீணாகும்னு பேப்பர்ல போட்டா சமதரைல சுமார் 4 செகண்ட், ஏத்தத்துல அஞ்சரை. இதை நெசமாவே ஃபயர் வண்டி ஓட்டி அளந்தவங்க இருக்காங்க, அமெரிக்காவுல போர்ட்லேண்ட் நகரத்துல, 1990கள் நடுவுல. 22 அடி நீள ஹம்ப்புக்கு 0ல இருந்து 9.2 செகண்ட், 14 அடிக்கு 1ல இருந்து 9.4, ரோட்டு நடுவுல வெக்கற சின்ன வட்டத்துக்கு 1.3ல இருந்து 10.7. வண்டி எவ்ளோ பெருசு, எவ்ளோ வேகமா போக ஆசைப்படுதுங்கறத பொறுத்து மாறும். என் கணக்கு அதுக்குள்ளதான் வருது. அஞ்சு ஹம்ப்புக்கு சுமார் அரை நிமிஷம். ஹம்ப்பே இல்லாம ஏறினா ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மிச்சம் ஒண்ணரை நிமிஷம்? புரட்டாசி சனிக்கிழமை, கோயிலுக்கு வந்த காருங்க ரெண்டு பக்கமும் நிக்குது, அப்புறம் வீட்டு நம்பர் தேடினது. பழைய ரோடுங்களுக்கு மொதல்ல வெறும் நம்பர்தான், பேரு அப்புறம்தான் வந்துச்சு, பெரியவங்க இன்னும் ரோடு நம்பரத்தான் சொல்வாங்க, ஜிபிஎஸ்ல பேருதான் இருக்கும், மாமி பதட்டத்துல ரெண்டையும் கலந்து என்கிட்ட கத்த, நான் அதையே போன்ல சொல்லியிருக்கேன். அந்தத் தப்பு என்னோடது.

அரை நிமிஷம் ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல. இதயம் நின்னு போச்சுன்னா, யாரும் நெஞ்ச அமுக்கலன்னா, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கற வாய்ப்பு 7 - 10% கொறையும். மாமாவுக்கு நின்னு போகல, அவரோட நல்ல நேரம். 34 நிமிஷத்துல அரை நிமிஷத்த மட்டும் புடிச்சுக்கிட்டு, பாக்கி முப்பத்தி மூணரைய வுட்டுட்டு மண்வெட்டி எடுக்கறாங்களேங்கறதுதான் என் ஆத்திரம்.

ஆனா எனக்கும் ஒரு எடத்துல மூக்கு ஒடைஞ்சது.

மாமா வீடு திரும்பி ஒரு மாசம் கழிச்சு அந்த ஆம்புலன்ஸ்காரரை சந்திச்சேன், டோங்காட் பக்கத்துப் பையன், வீட்டுல தாத்தா காலத்தோட தமிழ் போச்சு, அண்ணாங்கற வார்த்தை மட்டும் மிச்சம். என் கணக்கைக் காட்டினேன், பெருமையாத்தான். பாத்துட்டு சிரிச்சாரு. அவர் இங்கிலீஷ்ல சொன்னத தமிழ்ல போட்டா இப்படி: "அண்ணா, நீங்க வர்ற கணக்க மட்டும் போட்டிருக்கீங்க. வர்றப்ப வண்டிதான் குதிக்கும். திரும்பிப் போறப்ப உள்ள இருக்கற ஆளு குதிப்பாரு." கேட் கேமராவப் பாத்தேன். மாமாவ ஏத்திக்கிட்டு கிளம்பினதுல இருந்து கோயில் முனைல திரும்பற வரைக்கும், இறக்கத்துல, 4 நிமிஷம். ஏறினப்ப அரை நிமிஷம் தின்ன ஹம்ப், இறங்கறப்ப ரெண்டரை நிமிஷத்துக்கு மேல தின்னிருக்கு. ஒவ்வொரு ஹம்ப்லயும் வண்டி ஏறக்குறைய நின்னு, முன் சக்கரம் மெதுவா ஏத்தி, இறக்கி, அப்புறம் பின் சக்கரம். பின்னாடி மாமா கூட உக்காந்தவருக்கு ஒரு கைல டிரிப் பாட்டில், இன்னொரு கை மாமா நெஞ்சுல இருந்த வயர் மேல. முதுகெலும்பு ஒடைஞ்சவங்க, பிரசவ வலில இருக்கறவங்கன்னா இன்னும் மெதுவாம். இறக்கத்துல இருந்த மூணாவது ஹம்ப் வளைவு முடிஞ்ச உடனே வருது, அங்க மட்டும் எப்பவும் பல்ல கடிச்சுக்குவேன்னு சொன்னாரு.

அதுக்கப்புறம் என் பேச்சு மாறிச்சு. ஹம்ப் வேணுமா வேணாமாங்கறத வுட்டுட்டு எது எந்த எடத்துல, என்ன வடிவத்துலன்னு பாக்க ஆரம்பிச்சேன்.

மொதல்ல எல்லாரும் சொன்னது குஷன். ஐரோப்பாவுல போடறது, முழு ரோட்டுக்கும் மேடு போடாம நடுநடுவுல சின்னச் சின்ன திண்டா போடுவாங்க, அகலம் 1.6, 1.7 மீட்டர் மாதிரி. காரோட சக்கரம் ஏதாவது ஒண்ணாவது ஏறித்தான் ஆகணும், பஸ்சுக்கும் ஃபயர் வண்டிக்கும் சக்கரம் அகலமா இருக்கறதால ரெண்டு பக்கமும் தப்பிச்சுப் போயிடும். கேக்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா நம்ம ரோட்டுல நம்ம எதிரி யாரு? டாக்ஸி. டாக்ஸி என்ன வண்டி? டொயோட்டா குவாண்டம். இங்க நெறைய ஆம்புலன்ஸ் என்ன வண்டி? அதே குவாண்டம், உள்ள சீட்டுக்கு பதிலா ஸ்ட்ரெச்சர். ஆம்புலன்ஸ் தப்பிக்கற ஓட்டைல டாக்ஸியும் தப்பிக்கும், டாக்ஸிய புடிக்கற திண்டு ஆம்புலன்ஸையும் புடிக்கும், வண்டிக்கு உள்ள இருக்கறது யாருன்னு திண்டுக்குத் தெரியாது. ஸ்பிரின்டர் மாதிரி பெரிய வண்டில சிலதுக்கு பின்னாடி ரெட்டை சக்கரம், அது இன்னும் கஷ்டம், உள்பக்க டயர் திண்டுல உரசும். லண்டன்ல வேலை செய்யுதுன்னு இங்க கொண்டு வந்தா நடக்காது. ஃபயர் வண்டிக்கு மட்டும் லாபம்.

ஃபயர் வண்டிக்கு எங்க ரோட்டுல ஹம்ப் பிரச்சனையே இல்லன்னு நான் சொல்லுவேன். 7.4 மீட்டர் ரோடு, ரெண்டு பக்கமும் காரு நின்னா ஆளுக்கு ரெண்டு மீட்டர், மிச்சம் 3.4. ஃபயர் வண்டி ரெண்டரை மீட்டர் அகலம், கண்ணாடி தனி. எல்லாரும் ஒழுங்கா ஓரமா வுட்டாத்தான் இந்தக் கணக்கு, பக்கிய, அதாவது பிக்கப் வண்டிய, ஒருத்தர் சாய்ச்சு வுட்டா முடிஞ்சது கதை. சாதாரண வீட்டுப் பகுதிக்கு இங்க ஃபயர் சர்வீஸ் தரம் 13 நிமிஷம். இப்ப இருக்கற சோபா, மெத்தை, பிளாஸ்டிக் சாமான்ல ஒரு ரூம் முழுசா பத்திக்க நாலஞ்சு நிமிஷம் போதும். அதனால ரோட்ட அகலப்படுத்துன்னு ஒரு கோஷ்டி. அதுவும் வேணாம், அகலமான ரோட்டுல டாக்ஸி இன்னும் பறக்கும். லாங்மான்ட்னு கொலராடோல ஒரு ஊரு, அங்க 90கள்ல எட்டு வருஷ விபத்து ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தப்ப, வீட்டுத் தெருவுல அகலம் கூடக்கூட அடிபடறதும் கூடிருக்கு, 24 அடி தெருதான் ரொம்ப பத்திரமா இருந்திருக்கு. 24 அடின்னா 7.3 மீட்டர். எங்க ரோடு கிட்டத்தட்ட அதேதான். அகலம் சரியா இருக்கு, அதுல நிறுத்தற காருதான் தப்பு.

அப்ப எந்த ரோட்டுல ஹம்ப் போடலாம்னு யார் முடிவு பண்றது? போர்ட்லேண்ட்ல அந்த டெஸ்ட்டுக்கு அப்புறம் 1998ல அவசர வண்டி ரூட்டுன்னு ரோடுங்களைப் பிரிச்சு வெச்சாங்க, மெயின் ரூட்ல ஹம்ப் கிடையாது, மிச்சத்துல தாராளமா போட்டுக்கலாம். நமக்கு இன்னும் கிட்டக்க, கடலுக்கு அந்தப் பக்கம் பிரான்ஸோட தீவு ரீயூனியன்ல பிரெஞ்சு சட்டம், 1994 மே 27 ஆணை. அதுல ஃபயர் ஸ்டேஷனுக்குப் போற ரோட்டுலயும் பஸ் ரூட்லயும் அந்தந்த சர்வீஸ்காரங்க ஒத்துக்காம ஹம்ப் போடக்கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்கு. முன்கூட்டியே கேளுங்கறான், அவ்ளோதான். இங்க 1996 ரோடு டிராஃபிக் சட்டம் 60வது பிரிவு ஆம்புலன்ஸ், ஃபயர் டிரைவருக்கு ஸ்பீடு லிமிட்ட தாண்ட அனுமதி குடுக்குது, மத்தவங்க பாதுகாப்ப கவனிச்சு ஓட்டணும்னு. சட்டம் தாண்டலாம்னு சொல்லும், ஹம்ப் அதைப் படிக்கவா போகுது. எங்க ரோட்டுல போட்டப்ப ஆம்புலன்ஸ்காரங்க யாரையும் யாரும் கேக்கல. நாங்களும் கேக்கல, பெட்டிஷன் எழுதினது நாங்கதானே.

ஹால்ல ரெண்டாவது மீட்டிங்ல நான் வெச்சது இதுதான். வளைவுக்குப் பக்கத்துல இருக்கற மூணாவதையும், ரொம்ப செங்குத்தா இருக்கற மேல் முனை அஞ்சாவதையும் எடுக்கணும், செங்குத்துல ஹம்ப் போடறதே தப்பு, ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்கும், இறக்கத்துல பிரேக் வழுக்கும். ஸ்கூல் முன்னாடி இருக்கற ரெண்டு உருண்ட ஹம்ப்ப எடுத்துட்டு ஒரே தட்டையான மேடையா, குழந்தைங்க கடக்கற எடத்துலயே, சரிவு நீளமா. நாலு குலுக்கல் எடத்துல ரெண்டு குலுக்கலா ஆகும், அதுவும் மெதுவா. ரெண்டு ஓரமும் நடைபாதைய ஒரு மீட்டர் முன்னாடி இழுக்கணும், அங்க கார் நிறுத்த முடியாது, குழந்தை கடக்கற தூரமும் கொறையும், டாக்ஸிக்கும் ரோடு ஒடுங்கின மாதிரி தெரியும். கோயில் நாள்ல ஒரு பக்கம் மட்டும்தான் பார்க்கிங். வீட்டு நம்பர் கேட்லயும் நடைபாதை ஓரக் கல்லுலயும் வெளிச்சம் பட்டா மின்னற பெயிண்ட்ல.

அப்ப மாமா எழுந்தாரு, ஸ்டென்ட் வெச்சு மூணு மாசம், கைல கைத்தடி. எல்லாரும் அவரு பேத்து எறிய சொல்வாருன்னு எதிர்பாத்தாங்க. "என் உயிர் போனா எழுபத்தியொரு வயசு போவுது. அந்தப் பொண்ணு கால்ல இன்னும் கம்பி இருக்கு. ஸ்கூல் ஹம்ப்ப தொட்டீங்கன்னா நானே போய் ரோட்டுல படுப்பேன்." எனக்கு எதிரா பேசறாருன்னு நெனச்சேன், அப்புறம்தான் புரிஞ்சது, மேடைங்கற வார்த்தை அவருக்கு விளங்கல, ஹம்ப்ப எடுக்கப் போறேன்னு கேட்டிருக்காரு. வெள்ளை பேப்பர மடிச்சு டேபிள் மேல வெச்சு, இது இப்ப இருக்கறது, இது நான் சொல்றதுன்னு காமிச்சேன். விரலால ரெண்டையும் தடவிப் பாத்தாரு. "இட்லிய தட்டி தோசையா ஆக்கறன்னு சொல்லு"ன்னாரு. டிராயிங் ஆபீஸ்ல பதினாலு வருஷம் இருந்து எனக்கு இப்படிச் சொல்ல வரல.

நடுவுல ஒரு குரல், அடில பூம் கேட் போட்டு செக்யூரிட்டி வெச்சுடலாமேன்னு. 2021 ஜூலைல கலவரம், கொள்ளைன்னு நடந்தப்ப இந்தப் பக்கம் ஊர் ஊரா டயரும் பெட்டியும் போட்டு ரோட்ட அடைச்சு விடிய விடிய காவல் காத்தாங்களே, அந்த பயம் யாருக்கும் இன்னும் போகல, நான் அதைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒரே வாசல் இருக்கற சரிவுல அந்த வாசலுக்கும் பூட்டு போடறது ஆறு ஹம்ப்ப விட மோசம், ராத்திரி காவலாளி தூங்கினா ஆம்புலன்ஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்கும். அதை ஓட்டுக்கே விடல.

ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. மூணாவது ஹம்ப் போயாச்சு, அந்த எடத்துல தார் இன்னும் புது கறுப்பா தெரியும். ஸ்கூல் மேடை வந்துச்சு, ஓரம் இழுக்கல, காசு இல்லன்னுட்டாங்க. அஞ்சாவது அப்படியே இருக்கு, ஏன்னா அதுக்கு எதிர் வீட்டு ஆயா அத எடுக்க வுடல. "இன்னா தம்பி, அத்த எடுத்துட்டா ராவுல வண்டிங்க எங்க கேட்டுல வந்து வுழும்"னாங்க, ரெண்டு தடவ விழுந்திருக்கு, செவுத்துல தழும்பு காட்டினாங்க, நான் வாய மூடிக்கிட்டேன். கோயில் பார்க்கிங் மொத ரெண்டு சனிக்கிழமை ஒழுங்கா நடந்துச்சு, மூணாவது சனிக்கிழமை கமிட்டி தலைவர் காரே தப்பான பக்கம் நின்னுச்சு.

நம்பர் பெயிண்ட் மட்டும் நாங்களே அடிச்சோம், ஒரு ஞாயித்துக்கிழமை, பசங்கள வெச்சு, நாப்பத்தி சொச்சம் வீடு. மாமா வீட்டு படிக்கு சோலார் லைட் அவங்க மருமகன் மாட்டினாரு, கைப்பிடிய வெல்டிங் வெச்சாச்சு. போன மாசம் பக்கத்து சந்துல ஒரு பாட்டிக்கு சக்கரை இறங்கி ஆம்புலன்ஸ் வந்தப்ப, வண்டி எங்கயும் நின்னு தேடல, நேரா வாசல்ல போய் நின்னுச்சு. காலியா வண்டி கிடைக்கத்தான் அன்னைக்கும் பதினேழு நிமிஷம் ஆச்சு.